போலந்துக்காரர்கள் பிரஸ்ஸல்ஸ் மீது கோபப்படும்போதெல்லாம் ஏன் 1939-க்குப் போய்விடுகிறார்கள்?

வார்சா வாசி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வார்சாவுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம் முடிந்துவிட்டது. ஊர் பிடித்திருக்கிறது, குளிர் பழகிவிட்டது, மொழிதான் இன்னும் தட்டுத்தடுமாறி வருகிறது. ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. அதைக் கேட்கத்தான் இந்த இழை.

நான் குடியிருப்பது ஒரு வயதான தம்பதியின் வீட்டு மாடியில். ஐயாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, இளம் வயதிலேயே உர்சுஸ் டிராக்டர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர். சில ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் கீழே சாப்பிடக் கூப்பிடுவார்கள். கோழி சூப், உருளைக்கிழங்கு, பின்னணியில் தொலைக்காட்சிச் செய்தி. ஐரோப்பிய ஒன்றியம் பற்றி ஏதாவது வந்தால் போதும், அகதிகளைப் பங்கிட்டுக்கொள்வதோ, நிலக்கரிச் சுரங்கத்தை மூடுவதோ, நீதிமன்றச் சண்டையோ எதுவானாலும் சரி, ஐயா கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். பேச்சு ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸில் ஆரம்பித்து ஐந்தாவது நிமிடத்தில் 1939 செப்டம்பர் 17-க்கு வந்துவிடும், அங்கிருந்து காட்டின் என்ற ஊரில் நடந்த படுகொலை, போலந்தை ஸ்டாலின் கையில் விட்ட யால்டா மாநாடு, 1981 ராணுவச் சட்டம். பேத்திதான் எனக்கு மொழிபெயர்ப்பாள். போன வாரம் அவர் சொன்னதை அவள் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னாள்: "எங்களை ஸ்டாலினிடம் விட்டுவிட்டுப் போனவர்கள் இப்போது எங்களுக்கு ஜனநாயகம் சொல்லித் தருகிறார்களாம்."

இத்தனைக்கும் அவர் வீட்டு வாசலில் போலந்துக் கொடியோடு ஒன்றியத்தின் நீலக் கொடியும் இருக்கிறது. 2004-ல் சேர்ந்த நாளன்று வாங்கியதாம். அதையும் எடுக்க மாட்டேன் என்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஆகஸ்ட் 1 அன்று அலுவலகத்திலிருந்து வந்துகொண்டிருந்தேன். சரியாக மாலை 5 மணிக்கு ஊர் முழுக்கச் சங்கு ஊதியது. டிராம் நின்றது, கார்கள் நின்றன, கையில் மளிகைப் பையோடு நடந்த ஒரு பெண் அப்படியே நடைபாதையில் நின்றார், அவரோடு வந்த குட்டிப் பையனும் நின்றான். ஒரு நிமிடம். அப்புறம் எல்லோரும் நகர்ந்துவிட்டார்கள். 1944-ல் ஜெர்மானியரை எதிர்த்து நடந்த வார்சா எழுச்சியின் நினைவு என்று பிறகு தெரிந்துகொண்டேன், ஆனால் அந்த ஒரு நிமிடம் என்னை விட்டுப் போகவில்லை.

என் கேள்வி இதுதான். இந்தக் கோபம் நிஜமான கோபமா, இல்லை அரசியல்வாதிகள் ஊட்டி வளர்த்ததா? பழைய வரலாற்றுக்கும் இன்றைய ஒன்றியச் சண்டைக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா? அந்த மேஜையில் உட்கார்ந்து தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை.


நோவா ஹூத்தா அக்கா எழுதியது:

தம்பி, நீங்கள் தலையாட்டுவதோடு நிறுத்தாமல் கேட்க வந்ததே சந்தோஷம். நான் கிராக்கூஃப் பக்கம் நோவா ஹூத்தாவில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன், கட்டிக்கொண்டது இந்த ஊர்க்காரரை. அதனால் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கேட்பதை நான் தினமும் கேட்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பாரிஸிலோ பிரஸ்ஸல்ஸிலோ இருப்பவருக்கு 1945 என்றால் போர் முடிந்த வருடம், விடுதலை, தெருவில் நடனம். இங்கே ஒருவன் வெளியே போனான், இன்னொருவன் உள்ளே வந்தான். வந்தவன் யார்? 1939-ல் ஹிட்லரோடு கைகோத்து இந்த நாட்டைப் பாதியாக வெட்டியவன். செப்டம்பர் 1 மேற்கிலிருந்து ஜெர்மனி, செப்டம்பர் 17 கிழக்கிலிருந்து சோவியத். ஆகஸ்ட் 23-ல் மாஸ்கோவில் போட்ட ஒப்பந்தத்தின் ரகசியப் பகுதியில் எல்லைக்கோடு முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. ஒரு தேசத்தின் நினைவில் இது எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஐரோப்பாவின் பொதுக் கதையில் முதல் தேதி இருக்கிறது, பதினேழாம் தேதி இல்லை. ஐயா கரண்டியை வைப்பது அந்தப் பதினேழாம் தேதிக்காகத்தான்.

என் மாமியார் கதையைச் சொல்கிறேன். 1981 டிசம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை. என் கணவருக்கு அப்போது ஏழு வயது. ஞாயிறு காலை குழந்தைகளுக்கென்று ஒரு நிகழ்ச்சி வரும், டெலெரானெக் என்று பெயர், அதற்காகவே பிள்ளைகள் சீக்கிரம் எழுந்துவிடுவார்கள். அன்றைக்குப் போட்டால் வரவில்லை. பெட்டி கெட்டுவிட்டது என்று அழுதாராம். மாமியார் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அங்கேயும் இல்லை. தொலைபேசியை எடுத்தால் சத்தமே இல்லை. அப்புறம் திரையில் ராணுவ உடையில் கம்யூனிச ஆட்சியின் தலைவர் ஜெனரல் யாருசெல்ஸ்கி வந்து ராணுவச் சட்டம் என்று வாசித்தார். இந்த ஊரில் அந்த வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் அந்த நிகழ்ச்சி வராத காலையைத்தான் முதலில் சொல்வார்கள், டாங்கிகளை அப்புறம்தான் சொல்வார்கள். கடையில் அலமாரி அலமாரியாக வினிகர் பாட்டில் மட்டும் நின்ற காலம் அது. இறைச்சிக்கு ரேஷன் அட்டை. மூன்றாம் நாள், டிசம்பர் 16, கட்டோவிட்ஸேயில் வூயெக் சுரங்கத்தில் 9 தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள்.

நான் இருக்கும் இந்த நோவா ஹூத்தாவே கம்யூனிஸ்டுகள் கட்டிய ஊர். பெரிய உருக்காலை, அகலமான சாலைகள், எல்லாம் திட்டமிட்டது. கோயில் மட்டும் கிடையாது. கட்டுவதாகச் சொன்ன இடத்தில் வைத்திருந்த சிலுவையை 1960-ல் பிடுங்க வந்தபோது முதலில் ஓடி வந்து நின்றது பெண்கள். அடிதடி, கண்ணீர்ப் புகை, கைது. கடைசியில் மக்களே கட்டிய தேவாலயம் 1977-ல்தான் திறந்தது, திறந்துவைத்தவர் அப்போதைய கிராக்கூஃப் பேராயர், அடுத்த வருடம் போப்பாண்டவர் ஆனவர். அதே தேவாலயத்துக்குப் பக்கத்தில் 1982 அக்டோபரில் போக்டான் வுவோஷிக் என்ற இருபது வயது ஆலைத் தொழிலாளியை ரகசியப் போலீஸ் ஆள் ஒருவர் சுட்டார். அந்த இடத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறது. காய்கறி வாங்கப் போகும் வழி எனக்கு. பூ இல்லாமல் அதை நான் பார்த்ததில்லை.

சரி, ஐரோப்பாவுக்கு வருகிறேன். கம்யூனிசம் எப்போது விழுந்தது என்று யாரைக் கேட்டாலும் பெர்லின் சுவர் என்பார்கள், 1989 நவம்பர் 9. ஆனால் அதே வருடம் ஜூன் 4 அன்றே இங்கே தேர்தல் நடந்துவிட்டது. கீழவையில் 35 சதவீத இடத்துக்குத்தான் சுதந்திரப் போட்டி, அவ்வளவுதான் விட்டுக்கொடுத்தார்கள். கம்யூனிச அரசை எதிர்த்த தொழிற்சங்க இயக்கமான சாலிடாரிட்டி அந்த இடங்கள் அத்தனையையும் பிடித்தது, மேலவையில் 100-க்கு 99. சுவர் விழுவதற்கு முன்பே அந்த இயக்கத்தின் மசோவியெட்ஸ்கி பிரதமராகிவிட்டார். அதே ஜூன் 4-ல் தியனன்மென் சதுக்கத்தில் ரத்தம் ஓடியதால் உலகம் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சுவரை உடைக்கும் படம் எல்லோருக்கும் தெரியும். வாக்குச்சீட்டுக்கு அப்படி ஒரு படம் இல்லை. ஒரு தடவை என் கணவரின் அலுவலகத்தில் மேற்கிலிருந்து வந்த சக ஊழியர் ஒருவர் "சுவர் விழுந்த பிறகு நீங்களும் விடுதலையானீர்கள், இல்லையா" என்று நல்லெண்ணத்தோடுதான் கேட்டிருக்கிறார். அன்றைக்கு இரவு இவர் சாப்பிடவில்லை.


பழைய புத்தகப் பிரியன் எழுதியது:

அக்கா சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் கோவை, போலந்துக்குப் போனதில்லை, படித்ததுதான். ஆனால் நமக்கு ஏன் இது தெரியாமல் போனது என்பதையும் பேச வேண்டும். என் வயதுக்காரர்களுக்குச் சோவியத் என்றால் மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி, கண்காட்சியில் இரண்டு ரூபாய்க்கும் மூன்று ரூபாய்க்கும் கிடைத்த கெட்டி அட்டைப் புத்தகங்கள். அந்தத் தாளின் வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது. அந்தப் புத்தகங்களை நேசித்தேன், இப்போதும் நேசிக்கிறேன். ஆனால் அவற்றில் எதிலும் காட்டின் என்ற ஊர் கிடையாது. நாற்பது வயதில்தான் அந்தப் பெயரை முதன்முதலாகக் கேள்விப்பட்டேன், அது என்னை உலுக்கிவிட்டது.

காட்டினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஐயாவின் கோபத்துக்கு வேர் அங்கேதான். 1940 மார்ச் 5 அன்று ஸ்டாலினும் மற்ற தலைவர்களும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள். கைதிகளாக இருந்த போலந்து ராணுவ அதிகாரிகள், போலீஸ்காரர்கள், அவர்களோடு டாக்டர்கள், வாத்தியார்கள், வக்கீல்கள் (போர் வந்ததும் சீருடை போட்ட படித்தவர்கள்), மொத்தம் ஏறக்குறைய 22,000 பேர். பின்மண்டையில் ஒரு குண்டு. காட்டின் காட்டில் ஒரு பகுதி, கார்கிவில் ஒரு பகுதி, இன்றைய த்வேர் நகரில் ஒரு பகுதி. வீட்டுக்கு வந்துகொண்டிருந்த கடிதங்கள் அந்த வசந்த காலத்தோடு நின்றுபோயின. மனைவிமார்கள் ஏன் பதில் இல்லை என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். தோண்டி எடுத்தபோது கிடைத்தவை கழுகு முத்திரை போட்ட சட்டைப் பொத்தான்கள், சின்ன டைரிகள், கட்டிய கயிறு.

கொன்றது ஒரு பக்கம். அதற்கு மேல் 50 வருடப் பொய். 1943-ல் குழிகளைக் கண்டுபிடித்தவர்கள் ஜெர்மானியர்கள் என்பதால், அவர்கள்தான் செய்தார்கள் என்று மாஸ்கோ திருப்பிவிட்டது. போருக்குப் பின் நியூரம்பெர்க்கில் நடந்த போர்க்குற்ற விசாரணையில் சோவியத் வழக்கறிஞர்கள் அதையும் நாஜிகளின் குற்றப் பட்டியலில் சேர்த்தார்கள், நிரூபிக்க முடியவில்லை, தீர்ப்பில் அந்தப் பெயரே வரவில்லை. மேற்கு நாட்டு அரசுகளுக்கு உண்மை தெரியாமல் இல்லை. கூட்டாளியைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டார்கள். போலந்துக்குள் ஒரு விதவை தன் புருஷன் இறந்த தேதியை 1940 என்று கல்லறையில் பொறித்தால் பிரச்சனை. 1940 என்றால் கொன்றது சோவியத் என்று பொருள், 1941 என்றால் ஜெர்மனி. ஒரே ஒரு எண். கொர்பச்சேவ் ஒத்துக்கொண்டது 1990 ஏப்ரல் 13-ல்.

இன்னொருவர் விடோல்ட் பிலெட்ஸ்கி. 1940 செப்டம்பரில் வார்சாவில் நடந்த ஆள்பிடிப்பில் வேண்டுமென்றே போய் மாட்டிக்கொண்டு ஆஷ்விட்ஸுக்குப் போனவர், உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியுலகுக்குச் சொல்வதற்காக. இரண்டரை வருடம் உள்ளே இருந்து ரகசிய அமைப்பு கட்டி, அறிக்கைகளை வெளியே அனுப்பி, 1943 ஏப்ரலில் தப்பினார். வார்சா எழுச்சியில் சண்டை போட்டார். இப்படிப்பட்டவரை 1947-ல் கம்யூனிச அரசு உளவாளி என்று பிடித்தது. விசாரணையில் செய்த சித்திரவதைக்கு முன் ஆஷ்விட்ஸ் ஒன்றுமே இல்லை என்று மனைவியிடம் சொன்னதாகச் சொல்வார்கள். 1948 மே 25, வார்சா ராகோவியெட்ஸ்கா தெருச் சிறையில் சுட்டார்கள். உடல் எங்கே என்று இன்றுவரை தெரியாது. 1989 வரை போலந்துப் பள்ளிப் புத்தகங்களில் அவர் பெயர் கிடையாது. ஐரோப்பா முழுக்கத் தெருவுக்குத் தெரு இவர் பெயர் இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஐரோப்பிய அரசியலோடு என்ன தொடர்பு என்று கேட்டீர்கள் அல்லவா. இதைக் கேளுங்கள். ஜெனரல் ஃபீல்டோர்ஃப், போரில் ஜெர்மானியரை எதிர்த்த ரகசியப் படையான உள்நாட்டுப் படையின் பெரிய தளபதி, அவரை 1953 பிப்ரவரியில் அதே சிறையில் தூக்கில் போட்டார்கள். அந்த வழக்கில் கைது உத்தரவில் கையெழுத்திட்ட ராணுவ வழக்கறிஞர் ஹெலேனா வோலின்ஸ்கா பின்னாளில் இங்கிலாந்துக்குப் போய் ஆக்ஸ்ஃபோர்டில் குடியேறிவிட்டார். சுதந்திரப் போலந்து அவரை விசாரணைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டது. பிரிட்டன் 2006-ல் மறுத்துவிட்டது. 2008-ல் அங்கேயே இறந்தார். ஒரு நாஜி வழக்கறிஞராக இருந்தால் இப்படி நடந்திருக்குமா என்று ஃபீல்டோர்ஃபின் ஊர்க்காரன் கேட்டால் நாம் என்ன பதில் சொல்வது? 2018-ல் மார்க்ஸின் 200-வது பிறந்தநாளுக்கு அவர் பிறந்த ட்ரியர் நகரில், ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் அன்றைய தலைவர் யுங்கரே போய்ப் பேசினார். மார்க்ஸ் யாரையும் சுடவில்லை, அதை நானும் ஒத்துக்கொள்கிறேன், நானே அவரைப் படித்து வளர்ந்தவன். ஆனாலும் அந்தப் பேச்சைக் கேட்ட ஒரு போலந்துக் குடும்பத்துக்கு எப்படி இருந்திருக்கும் என்று பிரஸ்ஸல்ஸில் யாராவது ஒருவராவது நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.


பியாவிஸ்டோக் மாணவி எழுதியது:

அக்கா, அண்ணா, நீங்கள் இரண்டு பேரும் சொன்னது எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இது பாதிதான். மீதியையும் வார்சா அண்ணா தெரிந்துகொண்டு மேஜைக்குப் போனால் நல்லது.

நான் கிழக்கே, பெலாரஸ் எல்லைப் பக்கம் மருத்துவம் படிக்கிறேன். என் அறைத்தோழி இந்த ஊர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண், ஆர்த்தடாக்ஸ் குடும்பம், வீட்டில் பெலாரஸ் பேச்சு. 1945-க்குப் பிறகும் காட்டில் ஒளிந்து கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்டவர்களை இங்கே 'சபிக்கப்பட்ட வீரர்கள்' என்பார்கள். 2011-லிருந்து மார்ச் 1 அவர்களுக்கான தேசிய நாள். அவர்களில் உண்மையான வீரர்கள் உண்டு. டனுட்டா ஷெஜிகூவ்னா என்ற 'இன்கா', நர்ஸ், பதினெட்டு முடிய ஆறு நாள் இருக்கும்போது 1946-ல் க்டான்ஸ்கில் சுடப்பட்டவள். சிறையிலிருந்து அவள் அனுப்பிய துண்டுச் சீட்டில், நான் நடக்க வேண்டிய விதத்தில் நடந்துகொண்டேன் என்று பாட்டியிடம் சொல்லச் சொல்லியிருந்தாள். அதைப் படித்துவிட்டு நானும் அழுதேன்.

ஆனால் அதே பட்டியலில் 'பூரி' என்று அழைக்கப்பட்ட ரோமுவால்ட் ராய்ஸும் இருக்கிறார். 1946 ஜனவரி, பிப்ரவரியில் அவருடைய படை ஸலேஷானி முதலான பெலாரஸ் கிராமங்களை எரித்தது, குழந்தைகள் உட்பட 79 பேர் செத்தார்கள். வண்டியோட்டிகள் முப்பது பேரை விறகு வண்டியோடு பிடித்துக்கொண்டு போய்க் கொன்றார்கள், ஆர்த்தடாக்ஸ் என்பதுதான் அவர்கள் செய்த குற்றம். போலந்தின் தேசிய நினைவு நிறுவனமே 2005-ல் விசாரித்து இது இனப்படுகொலையின் தன்மை கொண்டது என்று எழுதியது. அப்படியிருந்தும் 2016-லிருந்து ஹைனூஃப்காவில், அந்தக் குடும்பங்கள் வாழும் ஊரிலேயே, அவர் படத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். என் தோழியின் பாட்டி அன்றைக்கு ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருப்பாராம். மறக்கப்பட்ட வரலாறு என்று சொல்லும்போது அந்தப் பாட்டியின் வரலாறும் மறக்கப்பட்டதுதான், அதை மறைப்பது பிரஸ்ஸல்ஸ் இல்லை.

அப்புறம் நீதிமன்றச் சண்டை. சட்டமும் நீதியும் கட்சி 2015-ல் ஆட்சிக்கு வந்ததும் நீதிபதிகளை மாற்றுவதற்குச் சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று, கம்யூனிச காலத்து ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்பது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் 2017-ல் பணியில் இருந்த நீதிபதிகளில் பெரும்பாலோர் 1989-ல் பள்ளிக்கூடத்திலோ கல்லூரியிலோ இருந்தவர்கள். அந்தச் சட்டங்களை நாடாளுமன்றத்தில் முன்னின்று நடத்தியவர் ஸ்டானிஸ்வாஃப் பியோத்ரோவிச், அவரே ராணுவச் சட்ட காலத்தில் அரசு வழக்கறிஞர், பழைய கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். ஒன்றியம் உறுப்பு நாட்டைத் தண்டிக்க வழி செய்யும் ஏழாவது பிரிவைக் கையில் எடுத்தது, 2021-ல் நாளொன்றுக்கு 10 லட்சம் யூரோ அபராதம் வந்தது. அது முழுக்க முழுக்க மேற்கின் திமிர் என்று நான் நம்பவில்லை. வீதியில் அரசியல் சட்டப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களும் போலந்துக்காரர்கள்தான், அதில் பழைய சாலிடாரிட்டி ஆட்கள் நிறையப் பேர்.

ஐரோப்பா எதையுமே கண்டுகொள்ளவில்லை என்பதும் சரியில்லை. 2019 செப்டம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது, அந்த 1939 ஒப்பந்தம்தான் போருக்கு வழி திறந்தது என்று எழுதியே போட்டது. மாஸ்கோ கொதித்தது. சாலிடாரிட்டியிலிருந்து வந்த யெஜி பூஸெக் அதே நாடாளுமன்றத்துக்குத் தலைவராக இருந்திருக்கிறார். ஒன்றியத்தின் நிதியில் பல வருடங்களாக நிகரமாக அதிகம் பெற்றது இந்த நாடுதான். என் விடுதிக்கு முன்னால் உள்ள சாலையில்கூட ஒன்றியப் பணத்தில் போட்டது என்று நீலப் பலகை இருக்கிறது.


ஜாம்நகர்ப் பையன் எழுதியது:

சின்னதாக ஒன்று. அப்பாவுக்குக் கடற்படை வேலை, அதனால் குஜராத்தில் வளர்ந்தேன். போரின்போது போலந்து அனாதைக் குழந்தைகளை ஜாம்நகர் மகாராஜா பாலாசடியில் வைத்துக் காப்பாற்றிய கதை எங்கள் பள்ளியில் சொல்வார்கள். கோலாப்பூர் பக்கம் வளிவடேயில் இன்னும் பெரிய முகாம், ஐயாயிரம் பேர் வரை. வார்சாவில் அவர் பெயரில் ஒரு சதுக்கமே இருக்கிறது, 'நல்ல மகாராஜா சதுக்கம்'. ஆனால் அந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள், ஏன் அனாதையானார்கள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. ஹிட்லரிடமிருந்து தப்பி வந்தவர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வந்தது சைபீரியாவிலிருந்தும் கஜகஸ்தானிலிருந்தும். 1940-லும் 41-லும் சோவியத் மாட்டு ரயிலில் ஏற்றிக்கொண்டு போன குடும்பங்களின் பிள்ளைகள். அப்பா அம்மா அங்கேயும் வழியிலும் பசியிலும் டைபாய்டிலும் செத்துப்போனார்கள். நம் ஊர் மகாராஜாவின் கருணையைச் சொல்லும்போதுகூட அந்தப் பாதியை விட்டுவிட்டோம்.


நோவா ஹூத்தா அக்கா எழுதியது:

பியாவிஸ்டோக் தங்கச்சி சொன்னது எனக்கு வலித்தது, ஆனால் சரிதான். ஸலேஷானி பற்றி என் கணவரிடம் கேட்டேன், அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தேடிப் படித்துவிட்டு, இதை மறைத்தால் காட்டினை மறைத்தவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் என்றார். நீதிபதிகள் விஷயத்தில் எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. மாமியார் அந்த அரசுக்கு ஓட்டுப் போட்டவர், நாத்தனார் நீதிமன்றத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏந்தியவர். கிறிஸ்துமஸ் இரவில் அரசியல் பேசக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் ஒன்று, தம்பி, உங்கள் ஐயாவும் இதில்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். ரஷ்யா. 2008 ஆகஸ்டில் ஜார்ஜியாவுக்குள் ரஷ்யப் படை போனபோது அன்றைய அதிபர் லெக் கச்சின்ஸ்கி திபிலிஸிக்கே போய் மேடையில் சொன்னார்: இன்று ஜார்ஜியா, நாளை உக்ரைன், நாளன்றைக்கு பால்டிக் நாடுகள், அப்புறம் ஒருவேளை என் நாடு போலந்து. மேற்கு ஐரோப்பாவில் பலர் இவர்களுக்கு ரஷ்ய பயம் ஒரு வியாதி என்றார்கள். ஜெர்மனி ரஷ்யாவிலிருந்து கடலுக்கடியில் எரிவாயுக் குழாய் போட்டது, இந்த நாட்டைச் சுற்றிக்கொண்டு. அதை 2006-லேயே அன்றைய போலந்துப் பாதுகாப்பு அமைச்சர் சிகோர்ஸ்கி 1939 ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டார், மிகைப்படுத்துகிறார் என்று திட்டு வாங்கினார். 2014-ல் உக்ரைனின் கிரிமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்ட பிறகும் இரண்டாவது குழாய்க்கு ஒப்பந்தம் போட்டார்கள். 2022 பிப்ரவரியில் என்ன நடந்தது என்று உலகுக்கே தெரியும். அதன் பிறகுதான் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா ஃபொன் டெர் லையன், போலந்தும் பால்டிக் நாடுகளும் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும் என்றார். அந்தச் செய்தி வந்தபோது மாமியார் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு "இதைச் சொல்ல எத்தனை பேர் சாக வேண்டியிருந்தது" என்றார். அவ்வளவுதான், மறுபடி கழுவ ஆரம்பித்துவிட்டார்.

அந்த அதிபர் கச்சின்ஸ்கி 2010 ஏப்ரல் 10 அன்று ஸ்மோலென்ஸ்க் விமான விபத்தில் இறந்தார், மொத்தம் 96 பேர். போய்க்கொண்டிருந்தது காட்டினின் 70-வது ஆண்டு அஞ்சலிக்கு. லண்டனில் இயங்கிய போலந்தின் நாடு கடந்த அரசின் கடைசி அதிபர் கச்சோரோவ்ஸ்கியும் அதில் இருந்தார். க்டான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் வேலையிலிருந்து நீக்கப்பட்டு, அதனாலேயே 1980 வேலைநிறுத்தம் வெடிக்கக் காரணமான கிரேன் ஓட்டும் அம்மா அன்னா வலென்டினோவிச்சும் இருந்தார். காட்டின் ஒருமுறை அல்ல, இரண்டு முறை இந்த நாட்டை அடித்தது என்று இங்கே எல்லோரும் நினைப்பதற்குக் காரணம் அதுதான். அகதிகள் பங்கீடு, நிலக்கரி, விவசாயிகள் டிராக்டரோடு மறித்தது எல்லாம் சாதாரண அரசியல் சண்டை, ஒவ்வொரு நாட்டிலும் உண்டு. அதில் அவர்கள் சொல்வது சில இடத்தில் தப்பாகவும் இருக்கும். ஆனால் அதற்கு அடியில் இந்த எண்ணம் ஓடுகிறது: நாங்கள் பட்டதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், நம்பும்போது காலம் கடந்திருக்கும்.


வார்சா வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு முறை முழுதாகப் படித்தேன். நேற்று ஞாயிறு. இந்த முறை நான் தலையாட்டவில்லை, கேட்டேன். முதலில் பியாவிஸ்டோக் தங்கை சொன்ன பூரியைப் பற்றி. பேத்தி ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டுத்தான் மொழிபெயர்த்தாள். ஐயா வெகுநேரம் பேசவில்லை. அம்மாதான் மெல்லச் சொன்னார், அவர் அந்தப் பக்கத்துப் பெண்ணாம், பெல்ஸ்க் பக்கம், அந்த வண்டியோட்டிகளின் கதை அவருக்குச் சிறு வயதிலிருந்தே தெரியுமாம். ஐம்பது வருடமாகக் கூட வாழும் புருஷனிடம் அதை அவர் மேஜையில் வைத்துப் பேசியது அன்றைக்குத்தான் முதல் தடவை என்று பேத்தி பிறகு படிக்கட்டில் என்னிடம் சொன்னாள்.

அப்புறம் ஐயா எழுந்துபோய் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே அவருடைய ஆலை அடையாள அட்டை, ஒரு சாலிடாரிட்டி பேட்ஜ், மடித்த ஒரு தாள். 1976 ஜூனில் விலையேற்றத்தை எதிர்த்து உர்சுஸ் தொழிலாளர்கள் ரயிலை மறித்தார்கள் அல்லவா, அன்று மாலை பிடிபட்டவர்களில் இவரும் ஒருவர். தடியோடு இரண்டு வரிசையாகப் போலீஸ் நிற்கும், நடுவில் ஓடச் சொல்வார்கள், அதற்கு 'ஆரோக்கியப் பாதை' என்று பெயர் வைத்திருந்தார்கள். இடது கைச் சட்டையைச் சுருட்டிக் காட்டினார். முழங்கை இன்றும் முழுதாக நீளவில்லை. மடித்த தாள் வேலையிலிருந்து நீக்கிய கடிதம். தொழிலாளர்களுக்காகவே ஆட்சி என்று சொன்னவர்கள் ஒரு தொழிலாளிக்குக் கொடுத்த கடிதம், என்று அவர் சொன்னதை பேத்தி தடுமாறாமல் மொழிபெயர்த்தாள்.

இறந்தவர்களுக்கு விளக்கேற்றும் நாளான நவம்பர் 1 அன்று என்னையும் பொவோஸ்கி ராணுவக் கல்லறைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். ராகோவியெட்ஸ்கா சிறையில் கொன்றவர்களை இரவில் கொண்டுவந்து பெயரில்லாமல் புதைத்த பகுதி அங்கே இருக்கிறதாம், 'வொன்ச்கா' என்கிறார்கள், சின்னப் புல்வெளி என்று அர்த்தம். என்ன கொண்டுபோக வேண்டும், எதுவும் தப்பாகச் செய்துவிடக்கூடாது, யாராவது சொல்லுங்கள்.


நோவா ஹூத்தா அக்கா எழுதியது:

தம்பி, தப்பாக எதுவும் ஆகாது. கண்ணாடிக் கூட்டுக்குள் மெழுகு வைத்த விளக்கு வாங்குங்கள், ஸ்னிச் என்று கேட்டால் தருவார்கள், மூடி போட்டதாகப் பாருங்கள், நவம்பர் காற்றுக்கு மூடியில்லாதது நிற்காது. வாசலிலேயே விற்பார்கள், ஆனால் முதல் நாளே கடையில் வாங்கினால் மலிவு. அன்றைக்குக் கல்லறைக்கென்றே தனிப் பேருந்துகள் ஓடும், காரில் போகாதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காது.

வொன்ச்காவில் 2012-லிருந்து தோண்டி ஒவ்வொருவராக மரபணுவை வைத்து அடையாளம் கண்டார்கள். சிலரை எடுப்பதே பெரும்பாடாக இருந்தது, ஏனென்றால் அவர்கள் மேலேயே எண்பதுகளில் வேறு ஆட்களுக்குக் கல்லறை கட்டிவிட்டார்கள். பிலெட்ஸ்கி அங்கேதான் இருப்பார் என்று நினைக்கிறார்கள், இன்னும் கிடைக்கவில்லை. யாருசெல்ஸ்கியின் சாம்பலும் அதே கல்லறையில்தான் இருக்கிறது, ஐயா அந்தப் பக்கம் திரும்ப மாட்டார், நீங்களும் கேட்காதீர்கள்.

இரண்டு விளக்காக வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றை வொன்ச்காவில் வையுங்கள். இன்னொன்றை வீட்டுக்கு எடுத்து வந்து, வண்டியோட்டிகளுக்காக ஜன்னலில் ஏற்றலாமா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.